குடும்ப வழிக் குடியுரிமையும் இலங்கை மலையகத் தமிழரும்

ஒரு நாட்டின் குடியுரிமை பொதுவாக மூன்று வழிகளில் கிடைக்கிறது. அந்த மண்ணில் பிறப்பது ஒன்று. அந்நாட்டவருக்குப் பிள்ளையாகப் பிறப்பது அல்லது அவரை மணப்பது இன்னொன்று. நெடுங்காலம் அங்கு வாழ்ந்து விண்ணப்பிப்பது மூன்றாவது. இவற்றுள் இரண்டாவதைக் குடும்ப வழிக் குடியுரிமை எனலாம். இன்று திருப்பூர், பல்லடம், பொங்கலூர்ப் பக்கத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் அமெரிக்காவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, கனடாவில் குடியேறிய அண்ணன், பேரப்பிள்ளையின் கடவுச்சீட்டு என்றுதான் பேச்சு போகும். உறவு இருந்தால் கதவு திறக்கும் என்பது இன்றைய எண்ணம்.

ஆனால் உறவைக் கொண்டே கதவைச் சாத்தவும் முடியும். தமிழர் வரலாற்றில் இதற்கு மிகப் பெரிய சான்று இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உள்ளது. 1948-இல் தொடங்கி 2003 வரை அங்கு இயற்றப்பட்ட சட்டங்களும் இந்தியாவுடன் செய்யப்பட்ட ஒப்பந்தங்களும் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்களின் குடியுரிமையை அவர்களுடைய தந்தை, பாட்டன், மனைவி, பிள்ளை ஆகியோரைக் கொண்டு தீர்மானித்தன. அச்சட்டங்கள் குடும்பம் என்பதை எப்படி வரையறுத்தன, அந்த வரையறை யாரை வெளியே நிறுத்தியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கங்காணியும் குடும்பமும்

இலங்கையின் மலைப்பகுதியில் 1820-களில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்தே பெரும்பாலோர் சென்றனர். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்தில் போய், முடிந்ததும் ஊர் திரும்புவது வழக்கமாக இருந்தது. 1869-இல் கோப்பி இலைகளில் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து அந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் கிள்ள வேண்டும். அதற்குப் பெண்களின் கை தேவை. எனவே தனி ஆண்கள் போய்வந்த நிலை மாறிக் குடும்பங்கள் லயங்களில் தங்கத் தொடங்கின.

ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் தம் ஊரிலும் சுற்றூர்களிலும் தம் உறவினரையும் சாதியாரையுமே பெரும்பாலும் திரட்டினார். ஒரு கங்காணியின் கீழிருந்த கூட்டம் பல சமயங்களில் ஒரே ஊரின், ஒரே சுற்றத்தின் கூட்டமாக இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் கடனைக் குறிக்கும் 'துண்டு' கையில் இருக்க வேண்டும். அந்த முறை 1921-இல் ஒழிக்கப்படும்வரை கடனும் உறவும் சேர்ந்தே தொழிலாளரைக் கட்டிவைத்திருந்தன. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடர்வண்டியோடு இணைந்த கப்பல் போக்குவரத்து வந்தபின் பயணம் எளிதாயிற்று. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு, பிள்ளைக்குக் காதுகுத்து, குலதெய்வக் கும்பிடு, தகப்பன் சாவுக்குக் கருமாதி என்று ஊருக்குப் போய்வருவது குடும்ப வாழ்வின் பகுதியானது. பிற்காலச் சட்டம் குறிவைத்தது இந்தப் போக்குவரத்தையே என்பதால் இங்கு இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1946-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர். மக்கள்தொகையில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல். அவர்களில் பெரும்பகுதியினர் அந்தத் தீவிலேயே பிறந்தவர்கள். 1931 முதல் நடந்த தேர்தல்களில் அவர்களுள் ஒரு பகுதியினர் வாக்களித்து வந்தனர். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் வேட்பாளர்கள் மலையகத் தொகுதிகளில் வென்றனர். நுவரெலியாவில் வென்ற சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்களுள் ஒருவர். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணையாயிற்று. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று வாதிடுவது கடினம்.

1948: தந்தை, பாட்டன், பூட்டன்

இலங்கைக் குடியுரிமைச் சட்டம் (1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கம்) 1948 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. அந்த நாளுக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடிமகனாக ஏற்கப்பட வேண்டுமானால் அவருடைய தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கு பிறந்திருக்க வேண்டும். ஒருவர் இலங்கைக்கு வெளியே பிறந்திருந்தால் தந்தையும் பாட்டனும், அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கு பிறந்தவர்களாக இருக்க வேண்டும்.

சட்டத்தின் சொற்களில் இந்தியத் தமிழர் என்ற பெயரே இல்லை. நாட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே அளவுகோல். ஆனால் சிங்களக் கிராமத்தவரிடமோ யாழ்ப்பாணத்தாரிடமோ தந்தையின் பிறப்புச் சான்றை யாரும் கேட்கவில்லை; அவர்களின் பெயரும் ஊருமே போதுமான சான்றாயின. சான்று காட்ட வேண்டியிருந்தது தோட்டத் தொழிலாளர்தான். இலங்கையில் பிறப்பைப் பதிவது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் கட்டாயமாக்கப்பட்டது. 1948-இல் நாற்பது வயதான ஒரு தொழிலாளியின் தகப்பன் 1880-களில் ஏதோ ஒரு லயத்தில் பிறந்திருந்தால் அதற்குத் தாள் எங்கிருந்து வரும்?

சட்டத்தில் மேலும் சில நுட்பங்கள் இருந்தன. தாயின் பிறப்பிடம் கணக்கில் வரவில்லை. தாய்வழியில் மூன்று தலைமுறை இலங்கையில் பிறந்திருந்தாலும் அதனால் வம்சாவளி உரிமை கிடைக்காது. முறையான திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு மட்டும் தந்தைக்குப் பதிலாகத் தாயின் பிறப்பிடத்தைப் பார்க்கலாம். பெற்றோர் யாரென்று அறிய முடியாதபடி கைவிடப்பட்டுக் கண்டெடுக்கப்பட்ட குழந்தையை, மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, வம்சாவளிக் குடிமகனாகவே கருத வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. அதாவது அப்பன் பெயர் தெரியாத குழந்தைக்குக் கிடைத்த உரிமை, இன்ன கங்காணியின் கீழ் இன்ன லயத்தில் வேலை செய்யும் இன்னாரின் மகன் என்று தோட்டப் பதிவேட்டில் எழுதப்பட்ட குழந்தைக்குக் கிடைக்கவில்லை. கைவிடப்பட்ட குழந்தையைக் காக்கும் இத்தகைய விதி பல நாடுகளில் உண்டு, அது நல்ல விதியும்கூட. இங்கு அது வைக்கப்பட்ட இடம்தான் விந்தையானது.

இச்சட்டத்தின் கீழ் பதிவின் மூலம் குடியுரிமை பெறவும் வழி இருந்தது. குடிமகனை மணந்தவர் ஓராண்டு வசித்தபின் விண்ணப்பிக்கலாம். பொது வாழ்வில் சிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு 25 பேருக்கு மேற்படாமல் அமைச்சர் வழங்கலாம். தோட்டத்துக்குள்ளேயே மணம் முடித்துக்கொண்ட மக்களுக்கு இவ்விரண்டாலும் பெரிய பயன் இல்லை.

1949: மனைவி எங்கே இருந்தாள்?

வம்சாவளி வழி அடைபட்ட பின், இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் (1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கம்) விண்ணப்பிக்கும் வழியைத் திறந்தது. அதே ஆண்டில் வந்த 48-ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைக் குடிமக்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் இதற்குள் அமைச்சராகி 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1949-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டது இடைவிடாத வதிவு. 1946 சனவரி 1-க்கு முன், மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும். அதன் பின் விண்ணப்பிக்கும் நாள்வரையும் வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் வதிவு அறுந்துவிடும். இது ஆணுக்கு மட்டுமன்று. அவருடைய மனைவி, மணமாகி ஓராண்டுக்குள் இலங்கை வந்து அது முதல் இடைவிடாமல் வாழ்ந்திருக்க வேண்டும். சார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் பிறந்து ஓராண்டுக்குள் வந்து அங்கேயே வளர்ந்திருக்க வேண்டும். போதிய வருமானம் இருப்பதையும் காட்ட வேண்டும்.

இதை ஒரு குடும்பத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டாக வேலை செய்யும் ஒருவர் 1935-இல் ஊரில் பெண் எடுத்தார் என்று கொள்வோம். மாமியாருக்கு உடம்பு முடியாததால் அந்தப் பெண் ஒன்றரை ஆண்டு கழித்தே தோட்டத்துக்கு வந்தாள். கணவர் ஒரு நாள்கூட வேலையை விடாதவர். ஆயினும் மனைவி தாமதித்த அந்த ஆறு மாதம் அவருடைய விண்ணப்பத்தைச் சாய்க்கப் போதும். ஊரோடு பந்தம் வைத்திருப்பவர் நிரந்தரமாகக் குடியமர எண்ணியவராக மாட்டார் என்பதே சட்டத்தின் அடியில் இருந்த கருத்து. ஊருக்குப் பணம் அனுப்ப அனுமதி கேட்டதும்கூட ஒருவருக்கு எதிரான சான்றாகக் காட்டப்படலாம்.

கணக்கில் எடுக்கப்பட்ட காலமும் வாய்ப்பானதன்று. மணமானவருக்கு அது 1939 சனவரியில் தொடங்குகிறது. அந்த ஆண்டு இலங்கை அரசு தன் துறைகளில் இருந்த இந்திய நாட்கூலிகளை நீக்க முற்பட்டது. ஜவாகர்லால் நேரு சூலையில் நேரில் வந்து பேசியும் பயனில்லாததால், 1939 ஆகஸ்டு 1 முதல் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடை செய்தது. ஊர் வந்திருந்தவர்கள் திரும்புவதும் இதனால் சிக்கலாயிற்று. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது தீவெங்கும் பீதி. அந்த ஏழு ஆண்டுகளில் ஒரு குடும்பம் பிரியாமல் ஒரே இடத்தில் இருந்தது என்று நிறுவுவதைவிட அதற்கு முந்திய ஏழு ஆண்டுகளைப் பற்றி நிறுவுவது எளிதாக இருந்திருக்கும்.

விண்ணப்பிக்க 1951 ஆகஸ்டு 5 வரை காலம் தரப்பட்டது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்தது. பிறகு மனம் மாறி விண்ணப்பிக்கச் சொன்னது. கடைசி மாதங்களில் மனுக்கள் குவிந்தன. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள். அவற்றில் அடங்கியவர்கள் 8,25,000 பேர் அளவில். ஆண்டுக்கணக்கில் விசாரணை நடந்தது. தோட்டத்துச் செக்ரோல், பங்கீட்டுப் புத்தகம், பள்ளிப் பதிவேடு ஆகியவற்றை எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் தேடி அலைந்தனர். இறுதியில் குடியுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். ஆறில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூட நாடாளுமன்றத்துக்குத் தெரிவாகவில்லை.

தென்னாப்பிரிக்காவில் ஒரு முன்னிகழ்வு

குடியேறிய தமிழரின் மனைவியைச் சட்டம் அளந்து பார்த்தது இது முதல் தடவையன்று. தென்னாப்பிரிக்காவில் 1913 மார்ச் 14 அன்று கேப் நீதிமன்ற நீதிபதி மால்கம் சியர்ல் ஒரு தீர்ப்பளித்தார். பலதார மணத்தை ஏற்கும் சமய முறைப்படி நடந்த திருமணம் அந்நாட்டுச் சட்டப்படி செல்லாது என்பது அதன் சாரம். வழக்கில் இருந்தவர் ஒரு முஸ்லிம் பெண். எனினும் இந்து, முஸ்லிம், பார்சித் திருமணங்கள் அனைத்தும் அதன் வலையில் விழுந்தன. கணவன் அங்கு குடியிருக்கிறான் என்ற உரிமையில் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் வழி அடைபட்டது.

அதுவரை பெண்களை ஈடுபடுத்தத் தயங்கிய காந்தி, இதன் பின் அவர்களையும் அறப்போருக்கு அழைத்தார். டிரான்சுவாலிலிருந்து புறப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் தமிழர். சிறை சென்று நோயுற்று 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த தில்லையாடி வள்ளியம்மையை எல்லோரும் அறிவர். அவர் சிறை புகுந்த போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று திருமண அங்கீகாரம் என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. 1914-ஆம் ஆண்டின் இந்தியர் துயர் தீர்ப்புச் சட்டம் ஒரு மனைவியையும் அவளுடைய சிறு பிள்ளைகளையும் ஏற்றுக்கொண்டது. இலங்கையில் இத்தகைய அறப்போர் 1952-இல் நடந்தது. இலங்கை இந்தியக் காங்கிரசார் மாதக்கணக்கில் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தனர். சட்டம் அசையவில்லை.

கோடக்கன்பிள்ளை வழக்கு

நீதிமன்ற வழியும் முயலப்பட்டது. ருவன்வெல்லைத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோடக்கன்பிள்ளை என்பவர் கேட்டார். குடிமகன் என்பதற்குச் சான்றில்லை என்று மறுக்கப்பட்டது. மேல்முறையீட்டைக் கேட்ட திருத்த அலுவலர் சிவஞானசுந்தரம் அவருக்குச் சார்பாக முடிவு செய்தார். அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29(2) பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் தடை விதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்று கூறியது. அந்தப் பிரிவின்படி குடியுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் செல்லாதவை என்பது அவருடைய கருத்து.

இலங்கை உயர் நீதிமன்றம் 1951-இல் அந்த முடிவை மாற்றியது. வழக்கு இலண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சிலுக்குப் போனது. 1953-இல் அதுவும் அரசின் பக்கமே நின்றது. தன் குடிமக்கள் யாவர் என்று வரையறுப்பது ஒரு நாட்டுச் சட்டமன்றத்தின் இயல்பான பணி என்றது. இந்தியத் தமிழர் போய்வரும் பழக்கம் உடையவர்கள் என்பதைக் குடியுரிமைக்குத் தகுதி பார்க்கையில் கருதுவது பொருத்தமே என்றும் கூறியது. 29(2) பிரிவு முதன்முதலாகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது இங்குதான்; அது உதவவில்லை. சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்தத் தீர்ப்பைத் தவறாமல் படிக்க வேண்டும். சொல்லளவில் எல்லோருக்கும் பொதுவான ஒரு விதி நடைமுறையில் ஒரு சமூகத்தை மட்டும் எப்படி வெளியேற்ற முடியும் என்ற கேள்வியை அது தொட்டுவிட்டு விலகிச் செல்வதைக் காணலாம்.

இந்தியாவின் கணக்கு

இலங்கை ஏற்காதவர்களை இந்தியா தானாக ஏற்றுக்கொண்டதா? இல்லை. இந்திய அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கானது. பெற்றோரில் ஒருவரோ, இருபக்கத் தாத்தா பாட்டிகளில் ஒருவரோ பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்திருந்தால் அவர் அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பதிந்து இந்தியக் குடிமகன் ஆகலாம். இலங்கைச் சட்டத்தைவிட இது தாராளமானது, தாய்வழியையும் ஏற்கிறது. ஆனால் பதிந்தால்தான் உரிமை.

தோட்டத் தொழிலாளிக்கு இது இக்கட்டைத் தந்தது. தூதரகத்தில் பதிந்தால் இலங்கைக் குடியுரிமை கேட்கும் தகுதி போய்விடும். பதியாவிட்டால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. இவர்கள் இலங்கையில் வேரூன்றியவர்கள், அந்நாடே ஏற்க வேண்டும் என்பது நேரு அரசின் நிலை. இலங்கை ஏற்காதவர் எல்லோரும் இந்தியரே என்பது கொழும்பின் நிலை. 1954 சனவரியில் நேருவும் சர் ஜான் கொத்தலாவலையும் கையெழுத்திட்ட உடன்பாடு இந்த வேறுபாட்டைத் தீர்க்காமலே முடிந்தது. 'நாடற்றவர்' என்ற சொல் தமிழ் நாளிதழ்களில் புழங்கத் தொடங்கியது இக்காலத்தில்தான்.

1964: எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்ட உறவு

1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் புது தில்லியில் உடன்பாடு செய்தனர். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிடப்பட்டது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். இருபக்கமும் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளையும் சேர்த்து. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். இலங்கை நான்கு பேருக்குக் குடியுரிமை தந்தால் இந்தியா ஏழு பேரை ஏற்பது என்ற விகிதமும் வகுக்கப்பட்டது.

இந்த எண்கள் பேசி முடிவு செய்யப்பட்டவை. எந்தத் தோட்டத்தில் யார் எங்கே வாழ விரும்புகிறார் என்று கேட்டு எடுத்தவையல்ல. பின்னர் விண்ணப்பம் கோரியபோது இலங்கைக் குடியுரிமை கேட்டவர்களே மிகுதி. இந்தியக் குடியுரிமைக்கு ஒதுக்கப்பட்ட இடங்களோ நிரம்பவில்லை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்த அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்றானது. மணமான மகன் தனி விண்ணப்பம் போட்டான். தாய் தகப்பன் வேறு விண்ணப்பம். ஒன்றுக்கு விடை வந்தது, இன்னொன்று கிடப்பில் இருந்தது. குடும்பத்தை அளந்து குடியுரிமையை மறுத்த சட்டம் ஒரு பக்கம் என்றால், குடும்பத்தை உடைத்துக் குடியுரிமையைக் கொடுத்த ஒப்பந்தம் மறுபக்கம்.

உடன்பாடு ஆகி எட்டு வாரத்தில், 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய 'இராமானுசம்' கப்பல்தான் இக்குடும்பங்களை ஏற்றி வந்தது. கையில் இந்தியத் தூதரகம் தந்த 'குடும்ப அட்டை'. மண்டபம் முகாமில் பதிவு. அங்கிருந்து ஒதுக்கப்பட்ட ஊர். நீலகிரியில் இவர்களுக்கென அரசு தேயிலைத் தோட்டம் 1968-இல் தொடங்கப்பட்டது. 1976-இல் அதுவே தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. 1969-இல் தாயகம் திரும்பியோருக்கான கூட்டுறவு வங்கியாக ரெப்கோ வங்கி பிறந்தது. சிலர் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றனர். சிலர் கூட்டுறவு நூற்பாலைகளில் வேலை பெற்றனர். அரசு அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அக்கம்பக்கத்தார் 'சிலோன்காரர்' என்றனர். திரும்பியவர்களில் பலர் அதற்கு முன் அந்தத் தாயகத்தைப் பார்த்ததே இல்லை.

இவ்வகையில் வந்தவர்கள், பிறந்த பிள்ளைகளோடு சேர்த்து, ஏறத்தாழ 4,60,000 பேர். 1981 அக்டோபருடன் உடன்பாட்டின் காலம் முடிந்தது. இனக்கலவரமும் போரும் மூண்டதால் 1984-இல் கப்பலும் நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் கப்பல் ஏறாத ஏறத்தாழ 84,000 பேர் பிள்ளைகளுடன் இலங்கையிலேயே தங்கிவிட்டனர். இந்தியக் கடவுச்சீட்டு வைத்துக்கொண்டு, பார்த்தறியாத இந்தியாவுக்குப் போகாமல், பிறந்த நாட்டில் அயலாராக வாழ்ந்தவர்கள் இவர்கள்.

2003: பாட்டன் திரும்ப வருகிறான்

1977-க்குப் பின் தொண்டமான் அமைச்சரவையில் இடம்பெற்றிருந்த காலத்தில் நிலைமை மெல்ல மாறியது. 1986-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டமும் 1988-ஆம் ஆண்டின் 39-ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றவராக எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கின. ஆயினும் தாள் இல்லாமல், தேதி தவறி விடுபட்டவர்கள் இலட்சக்கணக்கில் இருந்தனர்.

2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் நாடாளுமன்றத்தில் எதிர்ப்பின்றி நிறைவேறியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினரும், அவ்வாறு வாழ்ந்தவரின் வழித்தோன்றல்களும் குடிமக்கள் என்றது அது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களும் ஓர் உறுதிமொழி எழுதித்தந்து குடிமக்களாகலாம். ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் துணையோடு அந்த ஆண்டு டிசம்பரில் தோட்டம் தோட்டமாக முகாம்கள் நடந்தன. பத்து நாட்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமை பெற்றனர். 1951-இல் செக்ரோலையும் பிறப்புச் சான்றையும் தேடி அலைந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கையெழுத்தும் சாட்சியும் போதுமாயிற்று. 1948-இல் அவர்களை வெளியே நிறுத்திய தந்தைவழிக் கணக்கு இப்போது அவர்களை உள்ளே அழைத்தது. அதே ஆண்டின் 16-ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 'தந்தை' என்ற சொல்லின் இடத்தில் 'பெற்றோர்' என்று எழுதி, தாய்வழியிலும் குடியுரிமை வர வழி செய்தது. ஐம்பத்தைந்து ஆண்டுக்குப் பின் வந்த இந்த ஒரு சொல் மாற்றம் போதிய கவனம் பெறவில்லை.

முகாமில் பிறந்தவர்கள்

1983-க்குப் பின் படகில் தமிழ்நாட்டுக்கு வந்த அகதிகளில் மலையகத் தமிழரும் உண்டு. இவர்களுள் சிலர் இந்தியக் குடியுரிமைக்கு முன்பே விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள். குடும்ப அட்டையுடன் கப்பலில் வந்த சித்தப்பா நீலகிரியில் இந்திய வாக்காளர். கப்பல் நின்ற பின் படகில் வந்த அண்ணன் மகன் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இலங்கை அகதி. ஒரே பாட்டனின் வழியினர் இப்படி இருவேறு பதிவேடுகளில் எழுதப்பட்டனர்.

2019 சூனில் கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த மலையக வம்சாவளியினரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை இரக்கத்துடன் பரிசீலிக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது. 2022-இல் அதே நீதிமன்றம், முகாமில் 1987 சூலைக்கு முன் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சொன்னது. 1955-ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1950 சனவரி 26 முதல் 1987 சூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். பெற்றோர் யார் என்ற கேள்வி இல்லை.

1987 சூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு விதி இன்னும் இறுகியது. பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தல் கூடாது. இந்தியரை மணந்து ஏழு ஆண்டு வாழ்ந்த அயலார் பதிவின் மூலம் குடியுரிமை கேட்கலாம் என்று 5-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டவிரோதக் குடியேறிக்கு அதுவும் இல்லை. கடவுச்சீட்டு இன்றிப் படகில் வந்த அகதியை அந்தச் சொல்லுக்குள்ளேயே அதிகாரிகள் வைக்கின்றனர். 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த குறிப்பிட்ட சமயத்தாருக்கு விலக்குத் தந்தது. இலங்கை அதில் இல்லை. எனவே முகாமில் வளர்ந்து உள்ளூர்ப் பெண்ணை மணந்த ஒரு மலையகத் தமிழரின் மகன், தாய் இந்தியர், தந்தையின் பாட்டன் புதுக்கோட்டையில் பிறந்தவர் என்றாலும், 2004 டிசம்பருக்குப் பின் பிறந்திருந்தால் பிறப்புவழிக் குடியுரிமை கேட்கும்போது அவனிடம் கேட்கப்படுவது தந்தை எப்படி வந்தார் என்பதே.